மரத்தடி வகுப்பும் லத்தீன் வகுப்பும் - மலாவியின் பள்ளிக்கூடக் கதை

மலாவி என்றொரு நாடு இருப்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? ஆப்பிரிக்க வரைபடத்தில் தென்கிழக்குப் பக்கம் பாருங்கள். தான்சானியா, சாம்பியா, மொசாம்பிக் மூன்றுக்கும் நடுவில் ஒரு வெண்டைக்காயை நிறுத்தி வைத்தது போல ஒல்லியாக நிற்கும். கடல் கிடையாது. ஆனால் கடல் மாதிரியே ஓர் ஏரி உண்டு. நாட்டின் பரப்பில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு அந்த ஏரிதான். 2018 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை சுமார் 1 கோடியே 75 லட்சம். உலகின் மிக ஏழை நாடுகள் என்று எந்தப் பட்டியலை எடுத்தாலும் அதில் இந்தப் பெயர் இருக்கும். எண்ணெய் இல்லை, பெரிய சுரங்கம் இல்லை, பெரிய போரும் நடக்கவில்லை. அதனால்தான் செய்திகளிலும் அதிகம் வருவதில்லை போலிருக்கிறது.

இந்த நாட்டில் கசுங்கு என்றொரு மாவட்டம் இருக்கிறது. புகையிலையும் மக்காச்சோளமும் விளையும் பூமி. இந்த ஒரே மாவட்டத்தில் நடந்த இரண்டு பள்ளிக்கூடக் கதைகளைப் படித்த பிறகுதான் எனக்கு மலாவியின் மேல் ஆர்வம் வந்தது. ஒன்று, லத்தீனும் கிரேக்கமும் கட்டாயப் பாடமாக இருந்த பள்ளி. இன்னொன்று, கட்டணம் கட்ட முடியாமல் ஒரு பையன் வெளியேற நேர்ந்த பள்ளி. இரண்டுக்கும் நடுவில் ஒரு நூற்றாண்டு வரலாறு கிடக்கிறது. கொஞ்சம் பின்னால் போய்ப் பார்க்கலாம்.

மலாவிக்குப் பள்ளிக்கூடத்தைக் கொண்டுவந்தது அரசாங்கம் அல்ல, ஸ்காட்லாந்து பாதிரிமார்கள். 1875-ல் ஏரிக்கரையில் லிவிங்ஸ்டோனியா மிஷன் தொடங்கியது. மலேரியாவுக்குப் பயந்து இடம் மாறி மாறி, 1894-ல் வடக்கே மலைமேல் கொண்டோவே என்ற இடத்தில் நிலைத்தது. டாக்டர் ராபர்ட் லாஸ் என்பவர் அங்கே தச்சு, அச்சு, ஆசிரியர் பயிற்சி என்று எல்லாவற்றையும் சொல்லிக்கொடுக்கும் ஒரு பெரிய நிறுவனத்தையே எழுப்பினார். பிரிட்டிஷ் அரசு 1891-ல் இந்தப் பகுதியைத் தன் பாதுகாப்பில் எடுத்துக்கொண்டது. பிறகு நியாசாலாந்து என்று பெயர் வைத்தது. குடிசைக்கு வரி போட்டது. ஆனால் பள்ளி நடத்தும் வேலையை மட்டும் பல ஆண்டுகள் மிஷன்கள் தலையிலேயே விட்டுவிட்டது!

இதன் விளைவு விசித்திரமானது. படித்தவனுக்கு உள்ளூரில் வேலை இல்லை. வரி கட்டக் காசு வேண்டும். எனவே எழுதப் படிக்கத் தெரிந்த மலாவிக்காரர்கள் ரொடீசியாவுக்கும் தென்னாப்பிரிக்கச் சுரங்கங்களுக்கும் குமாஸ்தாக்களாகவும் தொழிலாளிகளாகவும் போனார்கள். தென்னாப்பிரிக்காவில் 1919-ல் கறுப்பின மக்களின் முதல் பெரிய தொழிற்சங்கத்தைத் தொடங்கிய கிளெமென்ட்ஸ் கடாலி, லிவிங்ஸ்டோனியாவில் படித்த மலாவிக்காரர்தான். ஏழை நாடு தன் செலவில் படிக்க வைத்து, பலனைப் பக்கத்து நாடு அனுபவிப்பது இன்றைக்கு வந்த வழக்கம் இல்லை.

தெற்கே நிலைமை இன்னும் மோசம். அங்கே நல்ல நிலங்கள் வெள்ளைக்காரர்களின் எஸ்டேட்டுகளாக இருந்தன. அந்த நிலத்தில் குடியிருப்பவர்கள் வாடகைக்குப் பதிலாக எஸ்டேட்டில் உழைக்க வேண்டும். இதற்கு 'தங்காட்டா' என்று பெயர். ஜான் சிலெம்ப்வே என்ற கறுப்பினப் பாதிரியார், அமெரிக்காவின் விர்ஜீனியாவில் படித்துவிட்டு 1900-ல் ஊர் திரும்பி, தன் மக்களுக்காகச் சொந்தமாகப் பள்ளிகளைத் தொடங்கினார். பக்கத்தில் இருந்த பெரிய எஸ்டேட்டில் பள்ளிக்கூடத்துக்கு அனுமதி இல்லை. எஸ்டேட் நிலத்தில் அவருடைய ஆட்கள் எழுப்பிய ஜெபக்கூடங்களை மேலாளர் கொளுத்திவிட்டார். 1915 ஜனவரியில் சிலெம்ப்வே கிளர்ச்சி செய்தார். அந்த மேலாளர் கொல்லப்பட்டார். இரண்டு வாரத்துக்குள் சிலெம்ப்வேயையும் சுட்டுக் கொன்றார்கள். இன்று மலாவியின் பணத்தாளில் இருப்பது அவர் முகம். ஜனவரி 15 அவர் நினைவாக விடுமுறை நாள். நிலம், உலகப்போருக்கு ஆள் பிடித்தது என்று கிளர்ச்சிக்குப் பல காரணங்கள் இருந்தன. ஆனாலும் ஒரு முதலாளி தன் கூலியாட்களின் பிள்ளைகள் எழுத்துக் கற்பதற்கு ஏன் அவ்வளவு பயந்தான் என்பதையும் யோசித்துப் பாருங்கள்.

அதே 1915 வாக்கில்தான் கசுங்குவிலிருந்து ஒரு சிறுவன் கால்நடையாகத் தெற்கே கிளம்பினான். அவன் பெயர் கமுசு பண்டா. அவனைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். லிவிங்ஸ்டோனியா மிஷன் தேர்வு எழுதும்போது பின்வரிசையில் இருந்தானாம். குள்ளமானவன். கரும்பலகை தெரியவில்லை என்று எழுந்து எட்டிப் பார்த்தான். காப்பியடிக்கிறான் என்று சொல்லி மேற்பார்வையாளர் வெளியே அனுப்பிவிட்டாராம். அந்தக் கோபத்தில் ஊரை விட்டவன், ரொடீசியா வழியாக ஜோகன்னஸ்பர்க் சுரங்கத்துக்குப் போய், 1925-ல் அமெரிக்கா போய், சிகாகோவில் பட்டம், 1937-ல் மருத்துவப் பட்டம், பிறகு எடின்பரோ, லண்டனில் டாக்டர் தொழில் என்று நாற்பது வருஷத்துக்கு மேல் வெளியிலேயே இருந்துவிட்டான். 1958-ல் அவர் ஊர் திரும்பியபோது வயது ஏறக்குறைய அறுபது. 1964 ஜூலை 6-ம் தேதி விடுதலை. பண்டாதான் தலைவர். 1971-ல் "ஆயுட்கால ஜனாதிபதி"யும் ஆனார்.

விடுதலையின்போது நாட்டில் ஒரு பல்கலைக்கழகம்கூட இல்லை. அதை உடனே தொடங்கினார். சாலைகள் போட்டார். இதையெல்லாம் மறுக்க முடியாது. ஆனால் ஆள் ஒரு மாதிரி. மேடையில் ஆங்கிலத்தில்தான் பேசுவார். பக்கத்தில் ஒருவர் சிச்சேவா மொழியில் மொழிபெயர்ப்பார். பெண்கள் கால்சட்டை போடக்கூடாது, ஆண்கள் முடி வளர்க்கக்கூடாது என்று சட்டம். எதிர்த்துப் பேசினால் சிறை.

இப்போது அந்த லத்தீன் பள்ளிக்கு வருவோம். கசுங்குவில் முதுந்தமா என்ற ஊரில் ஒரு கச்சேரே மரம் (ஒரு வகை அத்தி). அதன் அடியில்தான் பண்டா முதன்முதலில் எழுத்துப் படித்தாராம். அந்த மரத்தின் அருகிலேயே 1981-ல் கமுசு அகாடமி என்ற உறைவிடப் பள்ளியைத் திறந்தார். இங்கிலாந்தின் ஈட்டன் பள்ளிதான் மாதிரி. செங்கல் வளைவுகள், மணிக்கூண்டு, செயற்கை ஏரி. ஒவ்வொரு மாவட்டத்திலிருந்தும் கெட்டிக்காரப் பிள்ளைகள் சிலரைப் பொறுக்கி எடுத்து இலவசமாகப் படிக்க வைத்தார்கள். லத்தீனும் கிரேக்கமும் கட்டாயம். ஆசிரியர்கள் அனைவரும் வெளிநாட்டிலிருந்து வந்த வெள்ளைக்காரர்கள். கறுப்பின ஆசிரியர் ஒருவருக்குக்கூட அங்கே இடம் கிடையாது என்பது பண்டாவின் கட்டளை. கறுப்பின விடுதலைக்காகப் போராடிய தலைவர்!

நியாயமாகச் சொல்ல வேண்டுமானால், புகையிலைக் கூலியின் பிள்ளைகூட மதிப்பெண் இருந்தால் அங்கே போக முடிந்தது. அங்கே படித்தவர்கள் டாக்டர்களாகவும் வக்கீல்களாகவும் ஆகியிருக்கிறார்கள். ஆனால் அதே ஆண்டுகளில் மற்ற பிள்ளைகளின் ஆரம்பப் பள்ளிக்குக் கட்டணம் வாங்கினார்கள். கட்டடத்தை ஊர்க்காரர்களே செங்கல் சுட்டுக் கட்டிக்கொள்ள வேண்டும். என்னால் இந்தக் கணக்கை எந்த விதத்திலும் ஒத்துக்கொள்ள முடியவில்லை.

பண்டா செய்த இன்னொரு வேலையையும் சொல்லிவிடுகிறேன். லிவிங்ஸ்டோனியா இருந்ததால் வடக்குப் பகுதியில் படித்தவர்கள் அதிகம். எனவே நாடு முழுவதும் ஆசிரியர்களில் வடக்கத்தியர் நிறைய. 1989-ல் அவர்கள் மற்ற பகுதிப் பிள்ளைகளுக்கு ஒழுங்காகச் சொல்லிக்கொடுப்பதில்லை என்று குற்றம் சாட்டி, எல்லா ஆசிரியர்களும் அவரவர் சொந்தப் பகுதிக்கே போக வேண்டும் என்று உத்தரவிட்டார். ஏற்கெனவே ஆசிரியர் பஞ்சம். அதில் இது வேறு.

1992 மார்ச் 8, ஞாயிற்றுக்கிழமை. நாட்டின் கத்தோலிக்கத் தேவாலயங்கள் அனைத்திலும் ஆயர்கள் எழுதிய ஒரு கடிதம் வாசிக்கப்பட்டது. அரசியல் சுதந்திரம் மட்டும் அதில் பேசப்படவில்லை. நிரம்பி வழியும் வகுப்பறைகள், ஆசிரியர் பற்றாக்குறை, கல்வியில் சமமின்மை, மருத்துவமனைகளின் நிலை எல்லாம் இருந்தது. அதுவரை வீட்டுக்குள்ளேகூட மெதுவாகப் பேசியதை ஒருவர் ஒலிபெருக்கியில் படித்தால் எப்படி இருக்கும்! ஆயர்களைப் போலீஸ் விசாரித்தது. கடிதத்தை அச்சிட்ட அச்சகத்துக்குத் தீ வைத்தார்கள். ஆனால் பல்கலைக்கழக மாணவர்கள் தெருவுக்கு வந்துவிட்டார்கள். அடுத்த ஆண்டு ஜூனில் பொது வாக்கெடுப்பு. ஒரு கட்சி ஆட்சி வேண்டாம் என்று மக்கள் சொன்னார்கள். 1994 மே மாதத் தேர்தலில் பண்டா தோற்றார். பகிலி முலுசி ஜனாதிபதியானார். அவருடைய முக்கிய வாக்குறுதி, இலவச ஆரம்பக் கல்வி.

சொன்ன சில மாதங்களிலேயே செய்தார். 1994-95 கல்வியாண்டில் கட்டணம் ரத்து. சீருடை கட்டாயமில்லை. என்ன நடந்தது தெரியுமா? சுமார் 19 லட்சமாக இருந்த ஆரம்பப் பள்ளி மாணவர் எண்ணிக்கை ஒரே ஆண்டில் 29 லட்சத்தை ஒட்டிப் போய்விட்டது! பத்து லட்சம் பிள்ளைகள் ஒரேயடியாக உள்ளே வந்தார்கள். ஆறு வயதுக் குழந்தைக்குப் பக்கத்தில் பதினாறு வயதுப் பையன் முதல் வகுப்பில் உட்கார்ந்தான். சுமார் 20,000 பேரை அவசரமாக ஆசிரியர்களாக எடுத்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் பயிற்சியே இல்லாதவர்கள். சில வார அறிமுக வகுப்புதான். மீதியை வேலை செய்துகொண்டே கற்றுக்கொள்ள வேண்டும். முதல் வகுப்பில் நூறு, நூற்றைம்பது பேர். அறை போதாமல் மரத்தடி. நவம்பரில் மழை ஆரம்பித்தால் மரத்தடி வகுப்புக்கு விடுமுறை.

"தயாராகாமல் செய்தது தப்பு, கட்டடமும் ஆசிரியரும் தயாரான பிறகு செய்திருக்க வேண்டும்" என்று பிற்பாடு நிறைய நிபுணர்கள் எழுதினார்கள். தரம் விழுந்தது உண்மைதான். பல பிள்ளைகள் மூன்று நான்கு வருஷம் போயும் ஒரு வரி வாசிக்கத் தெரியாமல் நின்றார்கள். ஆனால் எனக்கு இந்த வாதம் பிடிக்கவில்லை. முப்பது வருஷம் பண்டா ஆட்சியில் தயாராகவா செய்தார்கள்? காத்திருந்த காலத்தில் பள்ளி வாசலையே பார்க்காமல் பெரியவர்களாகிவிட்டவர்களை யார் கணக்கில் வைப்பது? தப்பு கதவைத் திறந்ததில் இல்லை. திறந்த பிறகு ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிகளைப் பெருக்க அவ்வளவு வருஷம் எடுத்துக்கொண்டதில் இருக்கிறது.

ஒரு கிராமத்துப் பிள்ளையின் நாள் எப்படி இருக்கும்? விடியுமுன் எழ வேண்டும். பெண் குழந்தை என்றால் குடத்தோடு அடிபம்புக்குப் போய் வரிசையில் நிற்க வேண்டும். வாசல் பெருக்க வேண்டும். தம்பி தங்கையை முதுகில் 'சித்தெஞ்சே' துணியால் கட்டிக்கொள்ள வேண்டும். பிறகு பள்ளிக்கு நடை. சாப்பாடு என்றால் 'ந்சிமா'தான். மக்காச்சோள மாவைக் கொதிநீரில் கிண்டி, நம் களி போலக் கெட்டியாக எடுப்பார்கள். கையால் உருட்டி, கீரையோ பீன்ஸோ ஏரியில் பிடித்த சிறு கருவாடோ தொட்டுக்கொள்வார்கள். ந்சிமா சாப்பிடாவிட்டால் சாப்பிட்டதாகவே கணக்கில்லை. வருஷத்துக்கு ஒரே மழைக்காலம், ஒரே விளைச்சல். ஏப்ரலில் அறுவடை. டிசம்பருக்குள் வீட்டுக் குதிர் காலியாகிவிடும். ஜனவரியிலிருந்து மார்ச் வரை பசிக்காலம். அப்போது அப்பா அம்மா அடுத்தவர் வயலில் 'கன்யு' என்ற தினக்கூலி வேலைக்குப் போவார்கள். பிள்ளைகளும் கூடப் போவார்கள். பள்ளிப் பதிவேட்டில் வருகை குறைவதும் இந்த மாதங்களில்தான். இதனால்தான் பள்ளியில் ஒரு குவளை சோள-சோயா கஞ்சி கொடுத்தால் வருகை உடனே கூடுகிறது.

ஆசிரியர் நிலைமையும் கேட்டால் பாவமாக இருக்கும். கிராமத்தில் குடியிருக்க வீடு கிடையாது, மின்சாரம் கிடையாது. 2000-களில் பல இடங்களில் சம்பளம் வாங்கவே தொலைவிலுள்ள ஊருக்குப் போக வேண்டும். போய்வரும் நாட்களில் வகுப்பு இல்லை. போதாததற்கு எய்ட்ஸ். 1990-களிலும் 2000-களின் தொடக்கத்திலும் பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் வரிசையாக இறந்தார்கள். நாட்டின் சராசரி ஆயுள் 45-ஐ ஒட்டி விழுந்தது. 2004-லிருந்து எய்ட்ஸ் மருந்தை இலவசமாகக் கொடுக்கத் தொடங்கினார்கள். இன்று சராசரி ஆயுள் 60-ஐத் தாண்டிவிட்டது. மலாவி உண்மையிலேயே பெருமைப்படக்கூடிய சாதனை இது. ஆனால் யாரும் பேசுவதில்லை.

இரண்டாவது பள்ளிக்கு வருகிறேன். 2001-ல் வெள்ளத்தால் மக்காச்சோள விளைச்சல் குறைந்தது. அவசரத்துக்கு என்று அரசு சேர்த்து வைத்திருந்த தானியக் கையிருப்பு விற்கப்பட்டிருந்தது. கையிருப்பைக் குறைக்கச் சொன்னது சர்வதேச நிதியம். ஏறக்குறைய முழுவதையும் விற்றது மலாவி அதிகாரிகள். பிறகு இருவரும் ஒருவரை ஒருவர் கை காட்டினார்கள். 2002 தொடக்கத்தில் மாவு விலை பல மடங்கு ஏறியது. மக்கள் தவிட்டையும் பச்சைக் காயையும் தின்றார்கள். நூற்றுக்கணக்கானவர்கள் இறந்தார்கள், ஆயிரக்கணக்கில் என்றும் சொல்கிறார்கள்.

அந்தச் சமயத்தில் கசுங்கு மாவட்டம் விம்பே பகுதியில் வில்லியம் கம்குவம்பா என்ற 14 வயதுப் பையன் உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்திருந்தான். ஆரம்பக் கல்விதான் இலவசம். உயர்நிலைக்குக் கட்டணம் உண்டு. வீட்டில் ஒரு நாளைக்கு ஒரு வேளை, அதுவும் சில கவளம்தான். கட்டணம் கட்ட முடியாமல் பள்ளியை விட்டு நின்றுவிட்டான். ஊர் ஆரம்பப் பள்ளியில், நன்கொடையாக வந்த புத்தகங்களை வைத்த ஒரு சிறு நூலகம் இருந்தது. அங்கே ஆற்றல் பற்றிய ஓர் ஆங்கிலப் பாடப்புத்தகத்தில் காற்றாலைப் படத்தைப் பார்த்தான். குப்பையில் கிடந்த டிராக்டர் விசிறி, உடைந்த சைக்கிள், உருக்கித் தட்டையாக்கிய பிவிசி குழாய், யூகலிப்டஸ் கம்பங்கள். இவற்றை வைத்துக் காற்றாலை செய்து வீட்டில் விளக்கு எரிய வைத்துவிட்டான். 2006-ல் பத்திரிகையில் வந்தது, 2007-ல் வெளிநாட்டினர் கண்ணில் பட்டது. பிறகு புத்தகம், அமெரிக்காவில் பட்டம், 2019-ல் சினிமா.

இந்தக் கதையை எல்லோரும் "விடாமுயற்சி" என்ற தலைப்பில் சொல்கிறார்கள். எனக்கு வேறு ஒன்றுதான் தோன்றுகிறது. ஆரம்பப் பள்ளியில் வாசிக்கக் கற்றிருந்ததாலும், நடந்து போகும் தூரத்தில் ஒரு அலமாரிப் புத்தகம் இருந்ததாலும்தான் அது நடந்தது. அதே மாவட்டத்தில், மணிக்கூண்டு வைத்த அந்த அகாடமியின் நூலகம் அவனுக்கு எட்டாத இடத்தில் இருந்தது. அதற்குள் அரசு உதவி நின்று, அகாடமி வசதியானவர்கள் கட்டணம் கட்டிப் படிக்கும் தனியார் பள்ளியாகிவிட்டிருந்தது.

அதற்குப் பிறகு? 2005-06-லிருந்து உர மானியம் கொடுத்ததில் சில ஆண்டுகள் விளைச்சல் நன்றாக இருந்தது. ஜிம்பாப்வேக்கு ஏற்றுமதிகூடச் செய்தார்கள். 2013-ல் ஆரம்பக் கல்வியைக் கட்டாயமாக்கிச் சட்டம் வந்தது. 2017-ல் திருமண வயது 18 என்று அரசியல் சட்டமே திருத்தப்பட்டது. அதற்கு முன்பே தெட்சா மாவட்டத்தில் தெரசா கச்சிந்தமோட்டோ என்ற பெண் தலைவர், தன் அதிகாரத்தில் இருந்த ஊர்களில் பல சிறுவயதுத் திருமணங்களை ரத்து செய்து, பெண்களைப் பள்ளிக்குத் திருப்பி அனுப்பினார். கேட்காத ஊர்த்தலைவர்களைப் பதவியிலிருந்தே நீக்கினார். 2018-ல் அரசு உயர்நிலைப் பள்ளிகளில் கல்விக் கட்டணத்தையும் எடுத்தார்கள். விடுதிச் செலவு அப்படியேதான். ஆனால் ஆரம்பப் பள்ளியில் எந்த ஆண்டைப் பார்த்தாலும் சுமார் ஐந்தில் ஒரு பிள்ளை அதே வகுப்பில் மீண்டும் உட்கார்ந்திருக்கிறது. எட்டாம் வகுப்புத் தேர்வில் தேறினாலும் உயர்நிலையில் எல்லோருக்கும் இடம் கிடைப்பதில்லை.

2023 மார்ச்சில் ஃப்ரெடி புயல் தெற்கு மலாவியைத் தாக்கியது. பிளான்டயர் நகரைச் சுற்றியுள்ள மலைச்சரிவுகள் சரிந்து, இறந்தவர்களும் காணாமல் போனவர்களுமாக ஆயிரத்துக்கு மேல். வீடிழந்தவர்களுக்கு ஒதுங்க ஊரில் இருந்த உறுதியான கட்டடம் பள்ளிக்கூடம்தான். வகுப்பறைகளில் குடும்பங்கள் பாய் விரித்தன. பாடம் நின்றது. தண்ணீர் வடிந்தும் பலருக்குத் திரும்பிப் போக வீடு இல்லை. அதனால் பல பள்ளிகள் வாரக்கணக்கில் முகாம்களாகவே இருந்தன.